பெயர் ஆயிரம், வினை நாலு: அனுபவசாலி புரோகிராமர்கள் ரெஸ்ட் கற்ற வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு வெப் சர்வீஸில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2020க்குப் பிறகு எங்கள் பாடத்தில் வரும் 'இன்வாய்ஸ்' என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்பனை உள்ள ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில், அரசின் சர்வருக்குப் போய், அங்கே ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் அது சட்டப்படி பில்லே இல்லை. இப்படி ஒரு புரோகிராம் இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமோடு இணையம் வழியாகப் பேசுவதற்குத்தான் வெப் சர்வீஸ் என்று பெயர். அதை எழுதும் முறைகளில் இன்று அதிகம் புழங்குவது ரெஸ்ட்.

இதைப் பற்றிப் படிக்கப் போனபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. புதிதாகப் புரோகிராமிங் படிக்க வருகிறவர்கள் ரெஸ்ட்டைப் பெரிய குழப்பம் இல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் புரோகிராம் எழுதியவர்கள்தான் தடுமாறுகிறார்கள். 2000களில் உலகம் முழுக்க நடந்த ரெஸ்ட் விவாதங்களில் சண்டை போட்டவர்கள் எல்லாரும் பழுத்த அனுபவசாலிகள். அனுபவம் ஏன் இங்கே தடையாக இருந்தது? அவர்களுக்கு எப்படிக் கற்பித்தார்கள்? திருநெல்வேலிச் சீமையில் இது எப்படி நடந்தது? இதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர்கள் என்ன கற்றிருந்தார்கள்?

1990களில் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவைப்பது என்றால் புரோகிராமர்கள் மனதில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. என் புரோகிராமில் ஒரு ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடுகிறேனோ, அப்படியே தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் ஃபங்ஷனையும் கூப்பிட வேண்டும். நடுவில் வயர் இருப்பதே எனக்குத் தெரியக்கூடாது. கோர்பா, மைக்ரோசாஃப்டின் டிகாம், ஜாவாவின் ஆர்எம்ஐ எல்லாம் இந்த ஆசையில் பிறந்தவை.

இந்த ஆசை தப்பு என்று 1994லேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் அவருடைய சகாக்களும் ஒரு அறிக்கை எழுதினார்கள். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதும் வெளியூரில் இருப்பவருக்குக் கடிதம் போடுவதும் ஒன்றாகாது. கடிதம் தாமதமாகலாம், தொலையலாம். பதில் வராவிட்டால், கடிதம் போய்ச் சேரவில்லையா, அல்லது பதில்தான் வழியில் தொலைந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. இந்த வித்தியாசத்தை மறைத்து எழுதினால் பின்னால் வம்பு வரும் என்பது அவர்களின் வாதம்.

ஆனால் தொழில் அந்தப் பக்கம் போகவில்லை. 1998ல் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வந்தது. 2000ல் சோப் 1.1 வெளியானது. 2002ல் வெளிவந்த விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட்டில், நீங்கள் எழுதிய ஃபங்ஷனுக்கு மேலே அடைப்புக்குறிக்குள் 'வெப்மெத்தட்' என்று ஒரு சொல் எழுதினால் போதும், அது வெப் சர்வீஸ் ஆகிவிடும். வயரில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. தெரியவும் வேண்டாம். இந்திய ஐடி கம்பெனிகளில் அந்தப் பத்தாண்டில் வேலைக்குச் சேர்ந்த பலருக்கும் வெப் சர்வீஸ் என்றால் இதுதான்.

இதில் வினைச்சொல்லுக்குத்தான் முதலிடம் என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளரைச்சேர், ஆர்டரைத்திருத்து, பாக்கியைக்காட்டு என்று நூறு வேலைக்கு நூறு ஃபங்ஷன். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அகராதி. புதிதாக ஒரு சர்வீஸோடு பேச வேண்டும் என்றால் அதன் நூறு வினைகளையும் புதிதாகக் கற்க வேண்டும்.

ஃபீல்டிங் சொன்னது என்ன?

சோப் வெளியான அதே 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (இர்வைன் வளாகம்) ராய் ஃபீல்டிங் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அவர் ஏட்டுச்சுரைக்காய் ஆசாமி அல்ல. இணையத்தின் அடிப்படை விதியான எச்டிடிபியை எழுதியவர்களில் ஒருவர். அப்பாச்சி வெப் சர்வர் திட்டத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். எச்டிடிபி 1.1 உருவானபோது எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று தீர்மானிக்க அவர் மனதில் ஒரு அளவுகோல் வைத்திருந்தார். அந்த அளவுகோலுக்கு ஆய்வேட்டில் வைத்த பெயர்தான் ரெஸ்ட். ஆக, ரெஸ்ட் என்பது புதிதாகக் கண்டுபிடித்த கருவி அல்ல. இணையம் ஏன் இவ்வளவு பெரிதாக வளர முடிந்தது என்பதற்கான விளக்கம்.

அதன் சாரத்தை ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரொக்கக் கணக்கு, சரக்குக் கணக்கு, வாடகைக் கணக்கு, கடன்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு என்று எத்தனை ஆயிரம் கணக்கு வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் அவற்றில் செய்யக்கூடிய வேலை இரண்டுதான்: பற்று, வரவு. 1494ல் வெனிஸ் நகரில் லூக்கா பேசியோலி இந்த முறையை அச்சில் விளக்கியதிலிருந்து இன்றுவரை மூன்றாவது வேலை எதுவும் சேரவில்லை. புதுத் தொழில் வந்தால் புதுக் கணக்குத்தான் வரும். வினை வராது. அதனால்தான் நெல்லையில் கணக்குப் படித்தவர் மும்பையில் போய் உட்கார்ந்தாலும் அந்தப் பேரேட்டை வாசிக்க முடிகிறது.

ரெஸ்ட்டும் இதே மாதிரிதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி. வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு முகவரி, அவருடைய 57ஆம் நம்பர் பில்லுக்கு ஒரு முகவரி. அவற்றின் மேல் செய்யும் வேலைகள் எச்டிடிபியில் ஏற்கெனவே இருப்பவைதான்: 'கெட்' என்றால் காட்டு, 'போஸ்ட்' என்றால் புதிதாகச் சேர், 'புட்' என்றால் இதை அங்கே வை, 'டிலீட்' என்றால் நீக்கு. (வேறு சிலவும் உண்டு. அன்றாடப் புழக்கத்துக்கு இந்த நாலு போதும்.) பெயர் ஆயிரம் இருக்கலாம், வினை நாலுதான்.

இரண்டாவது விதி, சர்வர் உங்களை ஞாபகம் வைத்திருக்காது. இதுவும் எங்களுக்குப் பழக்கமானதே. "நேற்றுச் சொன்ன அதே ஆள், அதே தொகை" என்று எந்த வவுச்சரிலும் எழுத முடியாது. தேதி, கணக்கு, தொகை, விவரம் எல்லாம் அந்த வவுச்சரிலேயே இருக்க வேண்டும். ரெஸ்ட்டில் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் அப்படி ஒரு முழு வவுச்சர். அதனால் பத்து சர்வர்களில் எது எடுத்தாலும் வேலை நடக்கும்.

மூன்றாவது விதிக்குத் தாமிரபரணியைத்தான் உதாரணம் சொல்ல வேண்டும். பாபநாசத்திலிருந்து கடல் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் விவசாயி பாபநாசம் அணைக்கு ஆள் அனுப்புவதில்லை. பக்கத்துக் குளத்து மடையைத் திறக்கிறார். குளத்துக்கு மேலே எத்தனை கால்வாய் இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. ஃபீல்டிங் சொன்ன அடுக்கு முறையும், கேஷ் என்று சொல்கிறோமே அந்தச் சேமிப்பும் இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. குளத்துத் தண்ணீர் நேற்றையது என்றாலும் தண்ணீர்தான், நேற்றைய விலைப்பட்டியல் இன்றைக்குத் தப்பாக இருக்கலாம். அதனால் எச்டிடிபியில் ஒவ்வொரு பதிலோடும் 'இது இத்தனை நேரம் வரை செல்லும்' என்று எழுதி அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள்.

வகுப்பறைக்கு வெளியே நடந்த பாடங்கள்

ஆய்வேடு வந்த கையோடு எல்லாரும் மாறிவிடவில்லை. அனுபவசாலிகளுக்கு முதலில் பாடம் எடுத்தவை சம்பவங்கள்தான்.

2002ல் அமேசான் தன் கடைத் தகவல்களை மற்ற புரோகிராமர்களுக்குத் திறந்துவிட்டது. சோப் வழியாகவும் கேட்கலாம், சும்மா ஒரு முகவரியை அடித்து எக்ஸ்எம்எல் ஆகவும் வாங்கலாம். 2003ல் வெளிவந்த கணக்குப்படி 85 சதவீதம் பேர் இரண்டாவது வழியைத்தான் பயன்படுத்தினார்கள். யாரும் பிரசாரம் செய்து மாற்றவில்லை. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் பதில் கண்முன்னே தெரிகிறது, அவ்வளவுதான். 2006 டிசம்பரில் கூகுளும் தன் சோப் தேடல் சேவைக்குப் புதிய சாவிகள் கொடுப்பதை நிறுத்தியது.

2005ல் நடந்தது இன்னும் சுவாரசியம். கூகுள் 'வெப் ஆக்சலரேட்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதில் உள்ள மற்ற லிங்க்குகளை அது முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளும். அடுத்து நீங்கள் தட்டும்போது வேகமாக வரும் என்று நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் பல வெப்சைட்டுகளில் 'நீக்கு' என்பதையும் சாதாரண லிங்க்காக, அதாவது 'கெட்' ஆக எழுதி வைத்திருந்தார்கள். ஆக்சலரேட்டர் அதையும் திறந்து பார்த்தது. ஜனங்கள் எழுதி வைத்ததெல்லாம் அழிந்தது!

'கெட்' என்பது வாசிக்க மட்டும்தான், அதனால் எதுவும் மாறக்கூடாது என்பது எச்டிடிபி விதியில் எழுதியிருந்தது. அனுபவசாலிகள் பலர் அதைச் சடங்காக நினைத்து விட்டிருந்தார்கள். பேரேட்டைப் புரட்டிப் பார்த்ததாலேயே பாக்கி மாறிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அந்த விதி ஏன் இருக்கிறது என்று உலகத்துக்கே ஒரே வாரத்தில் புரிந்தது.

ஏணி போட்டவர்

2007ல் லியோனார்ட் ரிச்சர்ட்சன், சாம் ரூபி இருவரும் சேர்ந்து 'ரெஸ்ட்ஃபுல் வெப் சர்வீசஸ்' என்ற புத்தகத்தை ஓரெய்லி வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். வேலையில் இருக்கும் புரோகிராமர்களுக்காகவே எழுதப்பட்ட புத்தகம் அது. ஆய்வேட்டின் மொழியில் தொடங்காமல், எல்லாரும் தினமும் பயன்படுத்தும் இணையத்திலிருந்து தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் 1.2ம் இதே வழியில் போனது. அதில் எழுதினாலே பொருளுக்கு ஒரு முகவரி, வினை நாலு என்ற பழக்கம் தானாக வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரிச்சர்ட்சன் 2008ல் ஒரு மாநாட்டில் முன்வைத்த ஏணி. மார்ட்டின் ஃபவுலர் 2010ல் அதை விளக்கி எழுதிய பிறகு மிகவும் பிரபலமானது. அதில் பூஜ்யம் முதல் மூன்று வரை நாலு படிகள்.

பூஜ்யம்: ஒரே முகவரி, எல்லாவற்றுக்கும் 'போஸ்ட்'. என்ன வேலை வேண்டும் என்பது உறைக்குள்ளே இருக்கும். ஒன்று: பொருளுக்குப் பொருள் தனி முகவரி. இரண்டு: வினைகளை அதனதன் அர்த்தத்தில் பயன்படுத்துவது. மூன்று: வரும் பதிலிலேயே அடுத்து எங்கே போகலாம் என்ற லிங்க்குகளும் இருப்பது.

பூஜ்யப் படிக்கு எங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது, டேலி. காமர்ஸ் மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த டேலியோடு வேறொரு புரோகிராம் பேச முடியும் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் அது காத்திருக்கும். அங்கே எக்ஸ்எம்எல் உறை ஒன்றைப் போஸ்ட் செய்ய வேண்டும். லெட்ஜர் வேண்டுமா, வவுச்சர் ஏற்ற வேண்டுமா என்பதெல்லாம் உறைக்குள். முகவரி எப்போதும் ஒன்றேதான். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரே அலுவலகத்துக்குள் அது பல வருஷமாக நன்றாகவே ஓடுகிறது.

இந்த ஏணி ஏன் நல்ல பாடம் என்றால், அது அனுபவசாலியைப் பார்த்து "நீ எழுதியதெல்லாம் தப்பு" என்று சொல்லவில்லை. "நீ ஏற்கெனவே பூஜ்யத்தில் நிற்கிறாய், அடுத்த படி இது" என்கிறது. ஃபீல்டிங்குக்கு இதில் சம்மதம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 2008 அக்டோபரில் அவர் எழுதிய ஒரு பதிவில், மூன்றாவது படியில் உள்ள அந்த லிங்க்குகள் இல்லாமல் ரெஸ்ட் என்று பெயர் வைக்காதீர்கள் என்று கோபமாகவே சொல்லிவிட்டார். இலக்கணப்படி அவர் சொன்னது சரி. ஆனால் நடைமுறையில் பெரும்பாலோர் இரண்டாம் படியில் நின்றுகொண்டு அதையே ரெஸ்ட் என்று அழைக்கிறார்கள். இன்றும் நிலைமை இதுதான்.

தென்காசிக்கு வந்த வழி

இனி நம்ம ஊர்ப் பக்கம். 2011ல் சோஹோ நிறுவனம் தென்காசியில் ஒரு சிறு அலுவலகம் தொடங்கியது. அப்போது தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். குற்றாலத்துச் சிற்றாறு தாமிரபரணியில் போய்ச் சேருகிற ஆறு என்பதால், இதுவும் நம்ம ஆற்றுப் படுகைதான். பிறகு மத்தளம்பாறையில் பெரிய வளாகம் வந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் சோஹோ டெஸ்க் என்ற சாஃப்ட்வேர் இங்கே உருவானது.

ஆனால் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. 1996ல் தொடங்கியபோது இந்தக் கம்பெனியின் பெயர் அட்வென்ட்நெட். (சோஹோ கார்ப்பரேஷன் என்று மாறியது 2009ல்.) அப்போது அவர்கள் எழுதியது ஆபீஸ் சாஃப்ட்வேர் அல்ல. எஸ்என்எம்பி என்ற நெறிமுறைக்கான ஜாவா கருவிகள். ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற நெட்வொர்க் சாதனங்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் முறை அது. 1988ல் வந்தது.

எஸ்என்எம்பியைப் பற்றிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அதிலும் பெயர் ஆயிரம், வினை சில! சாதனத்தில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு மரத்தின் கிளைபோல நீளமான எண் முகவரி. முதல் பதிப்பில் அவற்றின் மேல் செய்யக்கூடியவை 'கெட்', 'கெட்நெக்ஸ்ட்', 'செட்' மட்டும். சாதனம் தானாக எச்சரிக்கை அனுப்ப 'ட்ராப்' ஒன்று. சரி, சாதனத்தை ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமே, அதற்கு ஒரு வினை வேண்டாமா? வேண்டாம். 'ரீஸ்டார்ட் ஆக இன்னும் எத்தனை விநாடி' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அதில் ஒரு எண்ணை 'செட்' செய்தால் போதும் என்று 1990ஆம் ஆண்டின் விதி ஆவணத்திலேயே வழி சொல்லியிருக்கிறார்கள்.

வினையைப் பெயராக மாற்றும் இந்த வித்தைதான் ரெஸ்ட் படிக்கிற அனுபவசாலிக்கு மிகவும் கஷ்டமான இடம். 'கடனை அங்கீகரி' என்ற ஃபங்ஷன் ரெஸ்ட்டில் எங்கே போகும்? 'அங்கீகாரம்' என்று ஒரு பொருளை உருவாக்குங்கள். அதற்கு ஒரு முகவரி, தேதி, கையெழுத்து. எங்கள் கணக்கியலில் இது இயல்பு. 'விற்றேன்' என்பது வினை, 'விற்பனைக் கணக்கு' என்பது பெயர்.

2001ல் டாட்காம் வீழ்ச்சியில் டெலிகாம் சாதனக் கம்பெனிகள் படுத்தபோது அட்வென்ட்நெட் வேறு வழி தேடியது. அப்படித்தான் 2005 வாக்கில் இணையத்தில் ஓடும் சோஹோ சாஃப்ட்வேர்கள் வந்தன. அவற்றை மற்ற புரோகிராம்களோடு பேசவைக்க ஏபிஐகளும் வந்தன. எஸ்என்எம்பி எழுதிய கை ரெஸ்ட்டுக்குச் சுலபமாகப் பழகியிருக்கும் என்பது நான் போடும் முடிச்சு. ஆனால் பொருத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. சோஹோ டெஸ்க்கின் ஏபிஐயைப் பாருங்கள். 'டிக்கெட்ஸ்' என்று ஒரு பெயர், அதற்குக் கீழே ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண். கேட்க 'கெட்', புதிதாகச் சேர்க்க 'போஸ்ட்'. பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனால் புகாரை நீக்க 'டிலீட்' இல்லை. 'குப்பைக்கு நகர்த்து' என்று ஒரு 'போஸ்ட்' வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

இந்த நிறுவனம் 2000களின் நடுவிலேயே ஒரு பள்ளியையும் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தார்கள். தென்காசியிலும் அந்தப் பள்ளி உண்டு. அது வெற்றுப் பலகையில் எழுதுவது. எழுதிய பலகையில் எழுதுவது வேறு வேலை. அந்த வேலை நம்ம ஊர் பஜாரில் நடந்தது.

இ-இன்வாய்ஸ் எடுத்த வகுப்பு

2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்பனை 500 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். 2021 ஜனவரியில் அது 100 கோடி ஆனது, ஏப்ரலில் 50 கோடி. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. எல்லை இறங்க இறங்க, மில்களிலும் பெரிய கம்பெனிகளிலும் இருந்த விஷயம் இரும்புக்கடை, சிமெண்ட் ஏஜென்சி, மொத்தக் கடை என்று எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

இந்தக் கடைகளில் பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது உள்ளூர்க்காரர்கள் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர். ஃபாக்ஸ்புரோ அல்லது விபி6. விபி6க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2008ல், விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 2015ல். ஆனாலும் சாஃப்ட்வேர் ஓடியது, அதை எழுதியவர்களும் பிழைப்பை ஓட்டினார்கள். இப்போது அவர்கள் முன்னால் இரண்டே வழி. ஏபிஐ கற்றுக்கொள்வது, அல்லது வாடிக்கையாளர்களை இழப்பது.

அரசின் பக்கத்தில் என்ஐசி அமைப்பு ஏபிஐ விளக்கங்களை வெளியிட்டு, சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைக் களமும் திறந்து வைத்தது. அங்கே பொய்ப் பில்களை அனுப்பிப் பழகலாம். தப்பாக அனுப்பினால் என்ன தப்பு என்று ஒரு எண்ணோடு பதில் வரும். ரெஸ்ட் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களுக்கு அந்தப் பிழை எண்கள்தான் வாத்தியார்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இப்படித்தான் கற்றார். இருபது வருஷமாக விபி6ல் எழுதுகிறவர். ஜிஎஸ்டி விதிகளில் சந்தேகம் கேட்கக் கூப்பிடுவார். ஒருநாள் கேட்டார்:

"தம்பி, அனுப்புத நேரத்துல நெட்டு கட்டாயிட்டுன்னு வையி. பில்லு அங்க போய்ச் சேந்துச்சா, சேரலியான்னே தெரியாது. நான் மறுபடியும் அனுப்பினா ரெண்டு பில்லாயிராதாடே?"

"ஆவாது அண்ணாச்சி. நம்ம ஜிஎஸ்டி நம்பர், நிதியாண்டு, என்ன வகை டாக்குமெண்ட், பில் நம்பர் இந்த நாலையும் சேத்துத்தான் அவங்க அந்த 64 எழுத்து நம்பர உண்டாக்குதாங்க. நாலும் அதேன்னா நம்பரும் அதேதான் வரும். ரெண்டாவது தடவ போனா 'இது ஏற்கெனவே இருக்கு'ன்னு திருப்பிருவாங்க."

"அப்பம் ஒரே பில் நம்பர பேரேட்டுல ரெண்டு தடவ ஏத்த முடியாதுல்லா, அதத்தான் சொல்லுத."

அதைத்தான் சொன்னேன். ஒரே கோரிக்கையை எத்தனை தடவை அனுப்பினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் ஐடெம்பொடென்ஸ் என்று பெரிய பெயர் இருக்கிறது. 1994ல் வால்டோ கவலைப்பட்ட 'பதில் தொலைந்த கடிதம்' பிரச்சினைக்கு அதுதான் மருந்து. 'போஸ்ட்' வினைக்கு அந்தக் குணம் இயல்பாகக் கிடையாது. இ-இன்வாய்ஸ் அமைப்பு அதைப் பில்லின் பெயரிலேயே வைத்துக் கட்டிவிட்டது. பில் விவரங்களைக் கொடுத்து 'இதற்கு எண் கொடுத்தாயிற்றா?' என்று 'கெட்' மூலம் கேட்கவும் வழி உண்டு.

அதே ஏபிஐயில் பில்லை ரத்து செய்ய 'டிலீட்' இல்லை. 'கேன்சல்' என்று தனியாக ஒரு 'போஸ்ட்'தான். அதுவும் 24 மணி நேரத்துக்குள் மட்டும். அதற்கு மேல் போனால் கிரெடிட் நோட். சுத்த ரெஸ்ட்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், முகவரியில் வினைச்சொல் இருக்கிறதே என்று. ஆனால் கணக்குப் படித்தவனுக்கு இது சரியாகவே படுகிறது. பேரேட்டில் எதையும் அழிக்கக்கூடாது. தப்பு என்றால் எதிர்ப்பதிவு போட வேண்டும், பழைய பதிவும் அப்படியே இருக்க வேண்டும். ரத்தான பில்லும் ஒரு பில்தான், அதற்கும் வரலாறு உண்டு. சோஹோ டெஸ்க் புகாரைக் குப்பைக்கு நகர்த்துவதிலும் இதே புத்திதான் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று. பெரும்பாலான சிறிய கடைகள் அரசு சர்வரோடு நேராகப் பேசுவதில்லை. ஜிஎஸ்டி சுவிதா புரவைடர் என்ற இடைநிலை நிறுவனங்கள் வழியாகப் போகின்றன. இதுவும் அடுக்கு முறைதான். கடைக்காரருக்குப் பக்கத்துக் குளம் போதும்.

எப்படிக் கற்பிக்க வேண்டும்?

இந்த வரலாற்றில் எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். அனுபவசாலிக்குக் கற்பிக்கும்போது, "பழையதை மறந்துவிட்டு வா" என்று தொடங்கியவர்கள் தோற்றார்கள். கோபமாக இலக்கணம் பேசியவர்களுக்கும் பெரிய பலன் கிடைக்கவில்லை. அவர் ஏற்கெனவே தினமும் கையாளும் எதில் 'பெயர் பல, வினை சில' என்ற ஒழுங்கு இருக்கிறது என்று தேடிக் காட்டியவர்கள்தான் ஜெயித்தார்கள். ரிச்சர்ட்சனும் ரூபியும் பிரவுசரைக் காட்டினார்கள். நெட்வொர்க் ஆளுக்கு எஸ்என்எம்பியைக் காட்டலாம். பில்லிங் எழுதுகிறவருக்குப் பேரேடே போதும்.

உவமை எங்கே முறிகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளத்துத் தண்ணீர் கெடாது, கேஷில் உள்ள பதில் கெடும். பேரேட்டை எழுதுவது ஒரு கை, சர்வரில் ஒரே நேரத்தில் ஆயிரம் கை எழுதும். வயரில் என்ன போகிறது என்பதை முதல் நாளே கண்ணால் பார்க்கவைக்க வேண்டும். கருவிகள் அதை மறைத்ததுதான் 2002ல் தொடங்கிய குழப்பத்துக்கே காரணம்.

இதெல்லாம் ஏதோ புரோகிராமர் சமாசாரம் என்று விட முடியாது. ஊரில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர்காரர் ஏபிஐ கற்காமல் கடையை மூடினால் போவது விபி6 மட்டும் அல்ல. எந்த வியாபாரி எந்தச் சரக்குக்கு எப்படித் தள்ளுபடி கொடுப்பார், காசை எங்கே முழுமையாக்குவார், திரும்பி வந்த மூட்டைக்குக் கணக்கு எப்படி எழுதுவார் என்ற இருபது வருஷத்து அறிவும் போகும். ஜேசன் எழுதப் புதிதாக வருகிற பையனுக்கு ஒரு மாதம் போதும். அந்த இருபது வருஷத்தை அவனுக்கு யாரும் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

அண்ணாச்சியின் சாஃப்ட்வேர் இப்போது இ-இன்வாய்ஸ் போடுகிறது. அடியில் இன்னமும் விபி6தான்.